கொங்கு நாட்டுப் பாறையில் டைனோசர் எலும்பு ஏன் இல்லை?

கொங்கு நாட்டில் நூறு அடிக்குக் கிணறு வெட்டினாலும் சரி, ஆயிரம் அடிக்கு போர் போட்டாலும் சரி, டைனோசர் எலும்பு கிடைக்காது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் நிலத்தைத் துளைக்கின்றன. சொந்த மண்ணில் அவை மேலே கொண்டுவருவது சாம்பல் நிறக் கல்தூளும் வெங்கச்சங்கல் துணுக்கும்தான். அதே காவிரியின் போக்கில் கிழக்கே போய், திருச்சியைத் தாண்டி அரியலூர்ப் பக்கம் திரும்பினால் கல்லமேடு என்றோர் இடம் இருக்கிறது. உலகில் நடந்த நில விலங்குகளிலேயே மிகப் பெரியதாக இருந்திருக்கக்கூடிய ஒரு டைனோசரின் எலும்புகள் அங்கேதான் வெளிப்பட்டன.

ஒரே ஆறு ஓடும் நிலத்தில் ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை, மறுபக்கம் மலை போன்ற விலங்கு. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டால், புதைபடிவம் என்பது என்ன, நீண்ட கழுத்து டைனோசர்களைப் பற்றி நமக்கு எப்படித் தெரிய வந்தது என்பதில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

முதலில் அந்த விலங்குகள். சிறிய தலை, மிக நீண்ட கழுத்து, பீப்பாய் உடல், தூண் போன்ற நான்கு கால்கள், நீண்ட வால். இவற்றைச் சாரோபாட் வகை என்கிறார்கள். 1878இல் அமெரிக்க அறிஞர் மார்ஷ் இந்த வகைக்குப் பெயர் வைத்தார். எல்லாமே தாவர உண்ணிகள். சிறியவையும் இருந்தன என்றாலும், நாம் வியப்பது பெரியவற்றைப் பார்த்துத்தான். அர்ஜென்டினாவில் கிடைத்து 2017இல் விவரிக்கப்பட்ட பட்டகோடைட்டன் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை சுமார் 37 மீட்டர் நீளம். எடை ஐம்பது டன்னுக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். சத்தியமங்கலம் காட்டில் நாம் பார்க்கும் பெரிய ஆண் யானை ஐந்து டன்னை ஒட்டி இருக்கும். பத்து யானைகள் சேர்ந்தாலும் இந்த ஒரு விலங்கின் எடைக்குப் போதாது.

இத்தனை பெரிய விலங்குகள் செத்த பிறகு எங்கே போயின? பெரும்பாலானவை எங்கேயும் இல்லை. செத்த விலங்கை மற்ற விலங்குகள் தின்னும். எலும்பை வெயிலும் மழையும் உளுத்துப்போகச் செய்யும். சில ஆண்டுகளில் மண்ணோடு மண்ணாகிவிடும். புதைபடிவம் ஆவதுதான் விதிவிலக்கு. வெள்ளம் கொண்டுவந்த மணலோ களிமண்ணோ உடலை விரைவாக மூட வேண்டும். மேலே படிவு மேல் படிவாகச் சேர வேண்டும். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கனிமங்கள் எலும்பின் நுண்துளைகளுக்குள் இறங்கிப் படிய வேண்டும். எலும்பின் மூலப்பொருளும் மெல்ல மெல்ல மாறிக் கல்லின் கனம் பெறும். ஆனால் உள்ளமைப்பு அப்படியே நிற்கும். நுண்ணோக்கியில் பார்த்தால், அந்த விலங்கின் ரத்தக் குழாய்கள் ஓடிய பாதைகள்கூடத் தெரியும்.

பிறகு இன்னொரு நல்வாய்ப்பும் வேண்டும். அந்தப் படிவு பூமிக்குள் மிக ஆழமாகப் போய் வெந்துவிடக் கூடாது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து, மனிதர்கள் நடமாடும் காலத்தில், ஓடை அரித்தோ சுரங்கம் தோண்டியோ வெளியே வர வேண்டும். முன்னதாகவே வெளியே வந்திருந்தால் அரித்துப்போயிருக்கும்.

இனி நம் பாறைக்கு வருவோம். கோவையிலிருந்து நாமக்கல் வரை நாம் மிதிக்கும் தரை, பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை. வரிவரியாக ஓடும் நைஸ் பாறை, ஏற்காட்டிலும் நீலகிரியிலும் காணும் சார்னோக்கைட், சிவன்மலையின் சயனைட் (நஞ்சான சயனைடு அல்ல, ஒரு வகைப் பாறை) எல்லாம் இந்தக் குடும்பம்தான். நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டிப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. நிலவின் மேல்பரப்பை ஒத்திருப்பதால், சந்திரயான் சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண் செய்ய இஸ்ரோ இந்தப் பகுதிக் கல்லைத்தான் எடுத்துக்கொண்டது. டைனோசர்கள் வாழ்ந்ததோ ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை. எலும்புள்ள எந்த உயிரும் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே சித்தம்பூண்டிப் பாறை இறுகிவிட்டது. அதற்குள் டைனோசரைத் தேட வழியே இல்லை.

"மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் இருக்கிறதே, சங்ககிரியிலும் இருக்கிறதே? அரியலூரிலும் சுண்ணாம்புக்கல்தானே? இரண்டிலும் சிமென்ட்தானே செய்கிறார்கள்?" என்று ஒரு மாணவர் கேட்டால் அவரைத் தட்டிக்கொடுக்க வேண்டும். மிகச் சரியான கேள்வி. வேதியியலில் இரண்டும் ஒன்றுதான், வரலாறுதான் வேறு. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் கடலடியில் படிந்து, அதிகம் சூடேறாமல், படிந்தபடியே கிடக்கிறது. கையில் எடுத்தால் சிப்பியின் விளிம்பும், அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிரியின் வரிகளும் வெறுங்கண்ணுக்கே தெரியும். மதுக்கரை, சங்ககிரிக் கல்லோ ஆழத்தில் வெந்து, முழுவதும் புதிய படிகங்களாக மாறிவிட்டது. உடைத்த முகத்தைச் சாய்த்துப் பிடித்தால் பளபளக்கும். உயிரின் சுவடு ஒன்றும் இருக்காது. கவுந்தப்பாடி ஆலையில் சாறு காய்ச்சி வெல்லம் பிடித்த பிறகு, அந்த அச்சுக்குள் கரும்பின் கணுவைத் தேடுவது போலத்தான் அது.

அப்படியென்றால் டைனோசர்கள் இங்கே வாழவே இல்லையா? வாழ்ந்திருக்கலாம். அரியலூர்ப் பகுதி கடலாகவும் கரையாகவும் மாறி மாறி இருந்த காலத்தில், அதற்கு மேற்கே இருந்த நம் பக்கம் உயர்ந்த நிலம். உயர்ந்த நிலத்தில் மண் படியாது, அரித்துக்கொண்டே போகும். இங்கே ஒரு விலங்கு செத்து விழுந்திருந்தால் அதை மூடப் படிவு இல்லை. மேற்குப் பாறைகளிலிருந்து அரித்த மணல் கிழக்கே போய்ப் படிந்து, அங்கே செத்த விலங்குகளை மூடியது. கிழக்குக்குப் போர்வை கொடுத்த நிலம் நம்முடையது என்று நினைக்கும்போது எனக்கு ஒருவிதப் பெருமை உண்டு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டினார்களே, அங்கே ஏன் டைனோசர் வரவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. கொடுமணல் மனிதர் வாழ்ந்த இடம்; மணி கோத்து, இரும்பு உருக்கி வாழ்ந்த ஊர். அதன் வயதை ஆண்டுகளில் எண்ணினால் ஆயிரக்கணக்கில் நின்றுவிடும். அங்கே கிடைக்கும் கரித்துண்டுக்குக் கார்பன் முறையில் வயது சொல்லலாம். டைனோசர் எலும்புக்கு அந்த முறை பயன்படாது. சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அளக்கும் அளவுக்குக் கார்பன்-14 மிஞ்சுவதில்லை. அதனால் படிவுக்கு மேலும் கீழும் எரிமலைச் சாம்பல் இருந்தால், அதில் உள்ள சிர்கான் என்னும் கனிம மணிகளில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளக்கிறார்கள். சாம்பல் இல்லாத இடத்தில், குறிப்பிட்ட காலத்தில் மட்டும் வாழ்ந்த உயிர்களின் எச்சங்களை வைத்து வயதைப் பிடிக்கிறார்கள். அரியலூரில் அம்மோனைட்டுகள் இந்த வேலைக்குப் பெரிதும் உதவுகின்றன.

எலும்பு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதிலிருந்து விலங்கை எப்படி எழுப்புகிறார்கள்? கழுத்தை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

ஒட்டகச்சிவிங்கிக்கும் நமக்கும் கழுத்தில் ஏழு எலும்புகள்தான். சாரோபாட்கள் அந்த எண்ணிக்கையைத் தாண்டின. டிப்ளோடோகஸுக்குப் பதினைந்து. சீனாவில் கிடைத்த மாமென்சிசாரஸுக்கு அதைவிடவும் அதிகம். அந்த இனத்தில் ஒன்றின் கழுத்து மட்டுமே சுமார் 15 மீட்டர் இருந்திருக்கும் என்று 2023இல் கணக்கிட்டார்கள். அவ்வளவு நீளக் கழுத்தை எப்படித் தூக்கிப் பிடித்தது? ஒரு கழுத்தெலும்பைக் குறுக்கே வெட்டிய படத்தைப் பாருங்கள். உள்ளே கெட்டி எலும்பு இல்லை. மெல்லிய தகடுகளும் அவற்றுக்கு நடுவே அறை அறையாக வெற்றிடமும்தான். சில எலும்புகளில் பாதிக்கும் மேல் வெறும் இடம். பக்கவாட்டில் ஒரு குழி, அதிலிருந்து உள்ளே போகும் வாயில். இதே அமைப்பு இன்றைய பறவைகளின் எலும்பில் இருக்கிறது. பறவையின் நுரையீரலோடு இணைந்த காற்றுப் பைகள் எலும்புக்குள்ளும் நீளும். ஆக, காற்றுப் பை என்ற மெல்லிய சவ்வு ஒன்றுகூட மிஞ்சாவிட்டாலும், அது எலும்பில் விட்டுச்சென்ற தடத்தை வைத்து, சாரோபாட்கள் பறவை போல மூச்சு விட்டன என்று சொல்ல முடிகிறது. கல்லாகிப்போன ஓர் எலும்பு அந்த விலங்கின் மூச்சைப் பற்றிப் பேசுகிறது! இந்தத் துறையில் என்னை மிகவும் கட்டிப்போட்டது இதுதான்.

கழுத்து நீண்டதற்கு இன்னொரு காரணம் தலை சிறியதாக இருந்தது. இந்த விலங்குகள் இரையை மெல்லவில்லை; கொய்து அப்படியே விழுங்கின. செரிக்கும் வேலையெல்லாம் பெரிய வயிற்றில் நடந்தது. மெல்லாததால் கனமான தாடையும் அரைக்கும் பற்களும் தேவைப்படவில்லை. ஆனால் கொய்து கொய்து பல் தேயும். டிப்ளோடோகஸ் ஏறத்தாழ 35 நாளுக்கு ஒருமுறை ஒரு பல்லின் இடத்தில் புதுப் பல்லை முளைக்கவைத்தது என்று பல்லில் உள்ள தினசரி வளர்ச்சிக் கோடுகளை எண்ணிச் சொல்கிறார்கள்.

சிறிய தலை மெல்லிதாக ஒட்டியிருந்ததால், செத்த பின் முதலில் கழன்று போவதும் அதுதான். சாரோபாட் தலை கிடைப்பது அரிது. அமெரிக்க அருங்காட்சியகங்களில் அபடோசாரஸ் எலும்புக்கூட்டுக்குப் பல பத்தாண்டுகள் வேறொரு வகையின் தலையைப் பொருத்தி வைத்திருந்தார்கள். 1970களில்தான் சரியான தலை எதுவென்று நிறுவி மாற்றினார்கள். நம் நாட்டுக் கோதாவரிப் படுகையில் கிடைத்து 1975இல் விவரிக்கப்பட்ட பாராபாசாரஸின் கதையும் இதுவே. சுமார் முந்நூறு எலும்புகள் கிடைத்தன, சில பற்களும் கிடைத்தன, மண்டையோடு மட்டும் இல்லை. அந்த எலும்புக்கூட்டைக் கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இன்றும் பார்க்கலாம். புள்ளியியல் நிறுவனத்துக்கு டைனோசரோடு என்ன உறவு? அதை நிறுவிய மகலனோபிஸ், 1950களில் லண்டனிலிருந்து பமீலா ராபின்சன் என்ற அறிஞரை அழைத்துவந்து நிலவியல் பிரிவைத் தொடங்கினார். அந்த ஒரு முடிவு இந்தியத் தொல்லுயிரியலுக்கு ஒரு தலைமுறை ஆய்வாளர்களைத் தந்தது.

எடையைக் கணிப்பது எப்படி? நான்கு காலில் நிற்கும் விலங்குகளில் மேற்கை எலும்பின் சுற்றளவும் தொடை எலும்பின் சுற்றளவும் உடல் எடையோடு நெருக்கமாக ஒத்துப்போகின்றன. உயிரோடு இருக்கும் விலங்குகளில் இந்தத் தொடர்பை அளந்து, அதே சூத்திரத்தை டைனோசருக்குப் போடுகிறார்கள். எலும்புக்கூட்டின் மேல் உடலைக் கணினியில் வரைந்து கன அளவைக் கண்டுபிடிப்பது இன்னொரு முறை. இரண்டும் தரும் விடைக்கு நடுவே பல டன் இடைவெளி இருப்பது சாதாரணம். செய்தியில் "70 டன்" என்று ஒற்றை எண்ணைப் படித்தால், அதற்குப் பின்னால் ஒரு வீச்சு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எலும்பு தவிர மற்றவையும் உண்டு. ஒரு காலத்தில், இவ்வளவு கனமான உடலை நிலத்தில் தாங்க முடியாது, தண்ணீரில் மிதந்துதான் வாழ்ந்திருக்கும் என்று நம்பினார்கள். 1938இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஓர் ஆற்றுப் பாறையில் காலடித் தடங்களின் வரிசை ஆராயப்பட்டது. தூண் கால்கள் உடலுக்கு நேர்கீழே ஊன்றி நடந்த தடம். வால் இழுபட்ட கோடு இல்லை. பிற ஆய்வுகளும் சேர்ந்து அந்த நம்பிக்கையைக் கைவிடவைத்தன. முட்டைகளோ நம் நாட்டில் ஏராளம். மத்தியப் பிரதேசத்தில் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கிடைத்ததை 2023இல் வெளியிட்டார்கள். டைட்டனோசர் என்ற சாரோபாட் பிரிவின் முட்டைகள் அவை. குறுக்களவு ஒரு சாணுக்கும் குறைவு. அதிலிருந்து வெளிவந்த குஞ்சு சில பத்தாண்டுகளில் பல டன் எடைக்கு வளர்ந்தது. கூடுகள் நெருக்கமாக இருப்பதால், தாய் அவற்றுக்கு நடுவே நின்று காவல் காத்திருக்க முடியாது என்பது ஆய்வாளர்கள் கருத்து.

மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கல்லான சாணம் கிடைக்கிறது. 2005இல் அதைப் பொடித்துப் பார்த்தபோது புல்லின் நுண்ணிய சிலிக்கா துணுக்குகள் இருந்தன. டைனோசர் காலத்தில் புல்லே இல்லை என்று அதுவரை பாடநூல்கள் சொல்லிவந்தன. கொறங்காட்டில் மாடு மேய்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் செய்தி கூடுதலாக இனிக்கும். புல் மேய்ந்த டைனோசர் இந்திய மண்ணில் இருந்திருக்கிறது.

இப்போது கல்லமேடு. இந்திய நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1980களில் இங்கே கண்டெடுத்த எலும்புகளை விவரித்து, புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். இடுப்பெலும்பின் பகுதிகள், தொடை எலும்பின் ஒரு பாகம், முழங்காலுக்குக் கீழே உள்ள கால் எலும்பு, வால் முள்ளெலும்பு ஒன்று உள்ளிட்டவை அவை. அந்தக் கால் எலும்பின் நீளம் 2 மீட்டர் என்று பதிவு செய்தார்கள். அர்ஜென்டினோசாரஸ் என்ற தென்னமெரிக்கப் பெருவிலங்கின் அதே பகுதி எலும்பு ஒன்றரை மீட்டரைச் சற்றே தாண்டும். முதலில் இதை ஊன் உண்ணும் டைனோசர் என்று கருதினார்கள். பின்னர் சாரோபாட் என்று திருத்தப்பட்டது. அளவு சரி என்றால் உலகின் மிகப் பெரிய நில விலங்குகளின் வரிசையில் முதலிடத்துக்கே வரலாம். 2023இல் வந்த ஒரு கணிப்பு நூறு டன்னுக்கு மேலேயே போகிறது.

ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. பொடிந்துபோயின. கல்லமேட்டுப் படிவு மணலும் களிமண்ணும். களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதற்குள் இருக்கும் எலும்பு ஒவ்வொரு பருவத்திலும் விரிசல் விடும். ஏற்கெனவே நொறுங்கும் நிலையில் இருந்தவை காப்பாற்றும் முன் கைவிட்டுப்போயின. எஞ்சியவை வரைபடங்களும் புகைப்படங்களும்தான். அது எலும்பே இல்லை, கல்லான மரமாக இருக்கலாம் என்று சந்தேகித்தவர்களும் உண்டு. அந்தச் சந்தேகத்துக்கு இடம் இருந்தது. பக்கத்துச் சாத்தனூரிலேயே 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது அல்லவா? களத்தில் எடுத்த பழைய படங்களை 2022இல் வெளியிட்டு, அவை சாரோபாட் எலும்புகளே என்று அய்யாசாமியும் இன்னோர் ஆய்வாளரும் வாதிட்டார்கள். படங்களைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் பக்கம்தான் சாயத் தோன்றுகிறது. என்றாலும் நூறு டன் என்ற எண்ணை நான் மாணவர்களிடம் உறுதியாகச் சொல்லமாட்டேன். கால் எலும்பின் நீளத்தை மட்டும் வைத்து எடை கணிப்பது பலவீனமான வழி. மறுபடி அளந்து பார்க்க எலும்பும் இல்லை.

எலும்பைக் காப்பாற்றும் முறை கடினமானதல்ல, பொறுமை வேண்டும். வெளியே தெரியும் பகுதியில் மெல்லிய பசைக் கரைசலை ஊறவிட்டு இறுக்குவார்கள். சுற்றிலும் மண்ணை வெட்டி, எலும்பு ஒரு மேடை மேல் நிற்பது போல் விடுவார்கள். ஈரத் தாளால் மூடி, அதன் மேல் பாரிஸ் சாந்தில் நனைத்த சணல் துணியைப் பட்டை பட்டையாகச் சுற்றுவார்கள். காய்ந்த பின் அடியை அறுத்து, மண்ணோடு சேர்த்தே புரட்டி எடுப்பார்கள். பிரித்துச் சுத்தம் செய்வது ஆய்வகத்தில்தான். பத்திரமாக வைத்த எலும்பு எத்தனை காலம் பேசும் என்பதற்கு ஜபல்பூர் சாட்சி. 1828இல் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கே எடுத்த வால் முள்ளெலும்புகளை வைத்து, 1877இல் லைடெக்கர் டைட்டனோசாரஸ் என்று பெயரிட்டார். பின்னர் அவை தொலைந்ததாகவே எண்ணினார்கள். அவற்றில் ஒன்றை 2012இல் கொல்கத்தாவில் நிலவியல் ஆய்வகத்தின் சேகரிப்பிலேயே மீண்டும் அடையாளம் கண்டார்கள்.

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். அங்கே ஓடையிலும் குளம் தூர்வாரும் இடத்திலும் உருண்டைக் கற்கள் கிடக்கும். டைனோசர் முட்டை என்று படம் பரவும். பெரும்பாலும் அவை கனிமம் திரண்டு உருண்ட கற்கட்டிகள். சிலவற்றின் நடுவே அம்மோனைட் இருக்கும். உண்மையான முட்டையில் ஓடு தனி அடுக்காகத் தெரியும். உருப்பெருக்கியில் மூச்சுத் துளைகள் தெரியும். குறுக்கே சீவிப் பார்த்தால் படிகங்கள் நெட்டுக்கு நிற்கும். கல்லான எலும்பின் உடைந்த முகத்திலோ பஞ்சு போன்ற நுண்துளைகள் இருக்கும். ஐயம் வந்தால் பிடுங்காதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, நிலவியல் ஆய்வகத்துக்கோ பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைக்கோ தெரிவியுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாவிட்டால் எலும்பின் மதிப்பில் பாதி போய்விடும்.

கல்லமேட்டுப் படிவு தீர்ந்துவிடவில்லை. மண்ணைச் சலித்துத் தேடியவர்களுக்குச் சிறிய எச்சங்கள் தொடர்ந்து கிடைத்துவந்திருக்கின்றன. 2013இல் அங்கிருந்து ஒரே ஒரு சிறு பல்லை வைத்து, ட்ரூடோன்டிட் என்ற டைனோசர் குடும்பம் இந்தியாவிலும் இருந்தது என்று அறிவித்தார்கள். பெருவிலங்கின் வழக்கைத் தீர்க்கத் தேவையானது இன்னொரு கால் எலும்பும், அதோடு ஒரு தொடை எலும்பும். தொடை எலும்பின் சுற்றளவை அளந்தால் எடைக்கு நம்பத்தக்க விடை வரும். ஒரு மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் எலும்பா மரமா என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.